வெங்காயச் சருகு கலர்

திண்டுக்கல்லில் "நான் டிசைனர்" என்று சொன்னால், "சட்டையா, சுடிதாரா?" என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை, பிளக்ஸ் பேனர் என்று சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அவ்வளவுதானா என்கிற நிம்மதி. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் பின்னால் ஒரு நிறத்தை விரித்து, முன்னால் சிரிக்கிற முகங்களை அடுக்கித் தருவது என் தொழில். கண்ணீர் அஞ்சலியிலும் சிரிக்கிற முகம்தான். அழுதுகொண்டே போட்டோ எடுத்து வைத்துவிட்டுப் போன புண்ணியவானை இந்தத் தொழிலில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

எனக்கென்று பிடித்த நிறம் ஒன்று உண்டா என்று ஆரம்பத்தில் நான் யோசித்ததே இல்லை. யோசிக்கவும் விட மாட்டார்கள். பச்சை போட்டால் "எந்தக் கட்சிண்ணே?" என்பார்கள். சிவப்பு போட்டாலும் அதே கேள்வி. மஞ்சள் போட்டால் எதிர்வீட்டுக்காரருக்கு ஆகாது. நீலம் போட்டால், "பங்காளி வீட்டு விசேஷத்துக்கு நீலந்தேன் வச்சாங்க, வேற போடு." இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது ஊதா. ஊதாவுக்கு எதிரியும் கிடையாது, வேண்டியவரும் கிடையாது. சபையில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி. ஆகவே முடிவெடுக்கத் தெரியாத நாட்களில் எல்லாம் ஊதா போட்டேன். அநேகமாக எல்லா நாளும் அப்படிப்பட்ட நாள்தான்.

அச்சடிக்கிற மெஷின் என்னுடையது அல்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கூட்டாளி ஒருவன் வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் இருந்தே ஒருவரை ஒருவர் மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்கிறோம். இரண்டு பேருமே மாப்பிள்ளை ஆகி, தொப்பை வைத்து, தலை நரைத்த பிறகும் அது மாறவில்லை. அவனுடைய பழைய மெஷினில் நீல மை ஒழுங்காக இறங்காது. அதுவாக நினைத்தால் துப்பும், இல்லாவிட்டால் விழுங்கிவிடும்.

ஆத்தூர்ப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒரு தம்பியின் கல்யாணத்துக்கு நான் வழக்கம்போல ஊதா போட்டு அனுப்பினேன். பேனர் வந்தது. அதில் ஊதா இல்லை. நீலத்தை மெஷின் விழுங்கிவிட்டதால் சிவப்பும் இல்லாமல், ரோஸும் இல்லாமல், வெயிலில் காய்ந்த மாதிரி ஒரு நிறம் நின்றது. மறுபடி அடிக்க நேரம் இல்லை. மண்டபத்து வாசலில் அதைக் கட்டும்போது, நான் என் பைக்கை அடுத்த தெருவில் ஸ்டாண்டு போடாமல் சாய்த்து வைத்திருந்தேன். உதை விழுவதற்கு முன் ஏறிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

மாப்பிள்ளைத் தம்பி வந்து பார்த்தார். நான் அடுத்த தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"என்னாண்ணே கலரு இது. வெங்காயச் சருகு மாதிரி அம்புட்டு அம்சமா இருக்கு. எங்கேருந்து புடிச்சீங்க?"

"ரெண்டு நாளா தூங்கல தம்பி" என்றேன்.

அது உண்மை. எங்கள் தெருவில் அப்போது சாக்கடை அடைத்துக்கொண்டு ஒரே கொசு.

அதற்குப் பிறகு ஊரே அந்தக் கலரைக் கேட்டது. பிரியாணிக் கடை, பூட்டுக்கடை, வளைகாப்பு எல்லாவற்றுக்கும் அதுதான். நான் ஊதா போட்டு அனுப்புவேன். நீலத்தை அடியோடு விழுங்கப் பழகிவிட்ட மெஷின் அதைச் சருகாக்கித் திருப்பி அனுப்பும். நாங்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை, நானும் மெஷினும்.

ஒரு கல்லூரியில் டிசைன் படிக்கிற பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, 'எனக்குப் பிடித்த நிறமும் என் கற்பனையும்'. மேடையில் ஏறிய பிறகுதான் என்னிடம் இரண்டும் இல்லை என்பது உறைத்தது. கடைசியில் வெங்காயத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நிறத்தை உரித்தால் உள்ளே இன்னொரு நிறம் இருக்கும் என்றேன். உரிக்கிறவன் அழ வேண்டும், சாப்பிடுகிறவன் அழக்கூடாது, அதுதான் டிசைன் என்றேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஒரு பெண் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். "வெங்காயம் உரிக்கச் சொன்னா கண்ணு எரியுதுன்னு தெருவுக்கு ஓடுற ஆளு, காலேஜுல போயி வெங்காயத்தப் பத்திப் பேசுனீகளாக்கும்" என்று என் மனைவி தட்டை நகர்த்தி வைத்தார்.

ஆனால் ஒன்று. சொல்லச் சொல்ல எனக்கே அந்த நிறம் பிடித்துப்போனது. சட்டை அந்தக் கலர், கடைக் கதவு அந்தக் கலர், பைக் சீட்டு உறையும் அதே. சாயங்காலம் மலைக்கோட்டைப் பாறையில் வெயில் இறங்கும்போது செத்த நேரம் அந்த நிறம் வந்து போகும். கடையைத் திறந்து போட்டுவிட்டு ரோட்டில் நின்று பார்ப்பேன். பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தால் கை தானாக நன்றாக வேலை செய்யும். மெஷின் கொடுத்த பிச்சை என்று தெரியும். பிச்சை என்பதால் சோறு ருசிக்காமல் போகுமா?

போன தை மாதம் அதே ஆத்தூர்த் தம்பி கடைக்கு வந்தார். அவருடைய அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் அவர்தான், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வதும் அவர்தான், சீர் கொண்டுபோவதும் அவர்தான். இதற்கு முன்னால் பிள்ளைக்கு மொட்டை போட்டபோது அவர் கொண்டுபோன சீரைப் பார்த்து, அக்காவின் மாமியார் சபையில் வைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டாராம். "மாமன்காரன் சீரப் பூதக்கண்ணாடி வச்சுத்தேன் பாக்கணும் போல." அந்த வார்த்தை அவருக்குள் முள்ளாகக் கிடந்தது. அக்காவும் அன்றையிலிருந்து அந்த வீட்டில் தலை நிமிர்ந்து பேசுவதில்லையாம்.

"இந்தத் தடவ அந்த வீட்டுப் பொம்பளைக அம்புட்டுப் பேத்துக்கும் ஒரே கலர்ல சேல எடுத்துட்டேண்ணே. சின்னாளபட்டியில சொல்லிச் சாயம் போட்டது. நம்ம கலரு."

"நம்ம கலரா?"

அவர் சட்டைப் பையில் இருந்து ஒரு துண்டு பிளக்ஸை எடுத்து மேசையில் வைத்தார். வெங்காயச் சருகு நிறம். அதன் நடுவில் ஏதோ ஒன்று வளைந்து இருந்தது.

"இது என்னது தம்பி?"

"ஏங் காதுண்ணே. கல்யாணப் பேனர்ல இருந்து வெட்டுனேன். இதக் குடுத்துத்தேன் சாயம் போடச் சொன்னேன். அச்சு அசலா வந்திருக்கு. இப்ப பேனரும் இதே கலர்ல வரணும். மாமன் வச்ச பேனரும் மாமன் எடுத்த சேலையும் ஒண்ணுபோல நிக்கணும். ஒரு நூலு மாறுனாலும் அந்தத் தாயி சபையில வச்சு என்னய உரிச்சுப்புடும்."

"நம்ம கலருதானப்பா. கண்ண மூடிக்கிட்டு அடிப்பேன்" என்றேன். அத்தனை வருஷமும் அப்படித்தான் அடித்திருந்தேன்.

பையனின் படத்தைப் போட்டு, 'காதணி விழா' என்று எழுதி, பின்னால் ஊதாவை ஊற்றிப் பிரஸ்ஸுக்கு அனுப்பினேன். மறுநாள் வாங்கப் போனால் வாசலிலேயே எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. உள்ளே மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு புது மெஷின் கல்யாணப் பெண் மாதிரி நின்றது.

"மாப்ள, பழச வித்துட்டேன்" என்றான் என் கூட்டாளி. "இனிமே நீ கம்ப்யூட்டர்ல என்ன பாக்குறியோ அதேதேன் பேனர்ல வரும்."

என் வாழ்க்கையில் நான் கேட்கப் பயந்த செய்தி அது ஒன்றுதான்.

பேனரை விரித்தான். ஊதா. நான் இத்தனை வருஷம் அனுப்பிக்கொண்டிருந்த அதே ஊதா, அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஊருக்குள் வந்திருந்தது. நானும் ஊதாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அது யார் என்றே அடையாளம் தெரியவில்லை.

"இது இல்ல மாப்ள. அந்தக் கலரு."

"நீதான அதக் கண்டுபுடிச்ச. காலேஜுல எல்லாம் போயிப் பேசுன. அதுக்கு என்னா பார்முலாவோ அதப் போடு, அடிச்சுத் தாரேன்."

"பார்முலா இருந்துச்சு. அதத்தேன் நீ வித்துட்ட."

அன்றைக்கு முழுக்கச் சின்னச் சின்னத் துண்டாக அடித்துப் பார்த்தோம். ஒன்று பீட்ரூட் பொரியலாக வந்தது. ஒன்று குழந்தை சோப்பு. ஒன்று வயிற்றுவலி மாத்திரை. ஒன்று சரியாக ஆட்டு ஈரல். நடுவில் ஒன்று டியூப் லைட்டில் காதுத் துண்டோடு அப்படியே பொருந்தியது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். வாசலுக்குக் கொண்டுபோனால் வெயில் பட்டதும் அது பல் ஈறாக மாறிவிட்டது. ராத்திரி மட்டும் காதுகுத்து வைத்துக்கொள்ள முடியுமா என்று தம்பியிடம் கேட்கலாமா என்று நான் உண்மையாகவே யோசித்தேன்.

போகிற வழியில் சின்ன வெங்காயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், சருகை உரித்து ஸ்கேனரில் பரப்பினேன். மேலே மின்விசிறி சுற்றியது. சருகு முழுக்கப் பறந்து சாமி படத்தில் ஒட்டியது. பொறுக்கி எடுத்து மறுபடி பரப்பிக் கணினியில் பார்த்தால் ஒரு அதிர்ச்சி. நிஜ வெங்காயச் சருகு, என் வெங்காயச் சருகு கலரில் இல்லவே இல்லை. பக்கத்தில்கூட இல்லை. இத்தனை பேரும் எதைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "காயிதத்த ஜெராக்ஸ் எடுப்பாக, ரேஷன் கார்ட ஜெராக்ஸ் எடுப்பாக. வெங்காயத்த எடுக்குற ஆள இப்பத்தேன் பாக்குறேன்."

"எனக்கு நெஞ்சு படபடங்குதுடி."

"உரிச்ச வெங்காயத்த என்ன செய்யிறது?"

"எதாச்சும் செய்யி."

காலையில் வெங்காயச் சட்னி, மத்தியானம் வெங்காயக் குழம்பு, தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்துக்கு வெங்காயத் துவட்டல். நான் ஒவ்வொரு வாயையும் தண்டனையாகச் சாப்பிட்டேன்.

பழைய மெஷினை ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் வாங்கியிருந்தார். பஸ் ஏறிப் போனேன். மார்க்கெட் பக்கத்தில் கேரளாவுக்குப் போகிற காய்கறி லாரிகளுக்கு நடுவே அவருடைய பிரஸ். உள்ளே என் மெஷினைப் பார்த்ததும் தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்த மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஒரு கமிஷன் கடை பேனர் ஓடிக்கொண்டிருந்தது. வானம் வானத்தின் நிறத்தில் இருந்தது. எனக்குப் பகீர் என்றது.

"ஏனுங்க, வாங்கறப்ப அது ரிப்பேருங்க" என்றார் உரிமையாளர். "நீல மையே எறங்காதுங்க. மை துப்பற ஹெட்டை மாத்திப் போட்டனுங்க. இப்பக் கண்ணாடியாட்ட அடிக்குதுங்க."

"பழைய ஹெட்டு?"

"எடைக்குப் போட்டாச்சுங்க."

என் வயதையும் தலை நரையையும் நினைத்துப் பார்க்காமல் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, இத மறுபடி கெடுத்துத் தர முடியுமாங்க?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். டீ சொன்னார். ரொம்ப மெதுவாக, மிரண்ட மாட்டிடம் பேசுகிற குரலில் கேட்டார்: "ஊட்டுல இருந்து ஆராச்சும் கூட வந்திருக்காங்களாங்க?"

"ஒரே ஒரு பேனருக்கு மட்டும். அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

"டீயைக் குடிங்க. பஸ்ஸுக்கு நானே கொண்டாந்து உட்டுர்றனுங்க."

சொன்ன மாதிரியே கொண்டுவந்து விட்டார். கண்டக்டரிடம், "திண்டுக்கல்லுல பாத்து எறக்கி உடுங்க" என்றும் சொல்லிவிட்டார். கண்டக்டர் வழி முழுக்க என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இனி தம்பியிடம் நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். காதுகுத்துக்கு ஒரு நாள்தான் பாக்கி. ஆத்தூர் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். மை வரத்து இல்லை தம்பி. மெஷினுக்கு அம்மை போட்டிருக்கு தம்பி. இந்த வருஷம் அந்தக் கலர் விளைச்சல் இல்லை தம்பி. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

தோப்புக்குள் நுழைந்தேன். தம்பி ஆட்களோடு தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உரித்த தேங்காய்க் குவியல். பனி விழாமல் அதன் மேல் ஒரு படுதா போர்த்தியிருந்தது. அந்தப் படுதாவைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது.

வெங்காயச் சருகு கலர். அவருடைய கல்யாணப் பேனர். குவியலின் மேல் கணவனும் மனைவியும் மாலையோடு மேடும் பள்ளமுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் இடது காது இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. ஓட்டை வழியாக ஒரு தேங்காய் எட்டிப் பார்த்தது.

நான் போய்க் குவியலோடு சேர்த்து அதைக் கட்டிப்பிடித்தேன்.

"என்னாண்ணே, அழுகுறீங்களா?"

"வெங்காயம் தம்பி."

"இங்க தேங்காய்தேன இருக்கு."

எழுந்து முகத்தைத் துடைத்தேன். பயத்தில் எனக்கு எப்போதும் வாய் நன்றாக வேலை செய்யும். "தம்பி, புதுப் பேனர் எவன் வேணாலும் அடிப்பான். இது நீ மாலையும் கழுத்துமா நின்ன பேனர். ராசியான பேனர். இதயே மாமன் கொண்டாந்து நிறுத்துனாத்தேன் கெத்து. உம்மருமகன மட்டும் இதுல சேத்துத் தாரேன்."

அவர் கையை நீட்டிக் காட்டினார். மயிர் நிமிர்ந்து நின்றது. "புல்லரிக்குதுண்ணே. இதத்தேன் டிசைனரு மூளைங்கிறது."

பேனரைத் துணிசோப்புப் போட்டு அலசி, காய வைத்து, பிரஸ்ஸுக்குத் தூக்கிவந்தோம். புதிதாகத் தனியே அடித்த பையன் படத்தை வெட்டி, காது ஓட்டையின் மேல் ஒட்டினேன். மாமன் காதில் மருமகன் ஏதோ ரகசியம் சொல்வது போல அமைந்தது. 'திருமண விழா' என்பதன் மேல் 'காதணி விழா' என்று ஒட்டினேன். வழியில் தூசி படாமல் இருக்க, வீணாய்ப்போன அந்த ஊதா பேனரை மேலே சுற்றிக் கட்டி, குட்டியானை வண்டியில் ஏற்றினோம்.

காதுகுத்து அவர்களுடைய குலசாமி கோயிலில். பந்தலுக்குள் பேனரைக் கட்டினோம். மேளம் வந்தது. பின்னால் அந்த வீட்டுப் பெண்கள் தாம்பாளங்களோடு வரிசையாக வந்தார்கள், ஒருவர் விடாமல் வெங்காயச் சருகு கலர் சேலையில். நான் காதுத் துண்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எடுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பேனர், சேலை, காது மூன்றும் ஒன்று. தம்பி தூரத்தில் இருந்து என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் டிசைனர்கள் செய்வது மாதிரி லேசாகத் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அக்கா எல்லாரும் பேனருக்கு முன்னாடி நில்லுங்க" என்றார் போட்டோகிராபர். எடுத்தார். கேமராவைப் பார்த்தார். லென்ஸைத் துடைத்தார். மறுபடி எடுத்தார். பிறகு என்னிடம் வந்து காட்டினார்.

படத்தில் பெண்கள் இல்லை. வெங்காயச் சருகு நிறத்தில் ஒரு பெரிய வெட்டவெளி. அதில் வரிசையாகத் தலைகள் மட்டும் மிதந்தன. அவற்றுக்குக் கீழே, பிடிப்பாரில்லாமல் கைகள். கைகளில் தாம்பாளங்கள் தாமாகக் காற்றில் நின்றன. ஆவி வீட்டுக் காதுகுத்து மாதிரி இருந்தது.

அதற்குள் அக்காவின் மாமியார் வந்து கேமராவை வாங்கிப் பார்த்தார்.

"ஏலே, மாமன் எடுத்துக் குடுத்த சேலய எங்கடா காணாம்?" என்றார் அவர். நிதானமாகச் சபையைத் திரும்பிப் பார்த்தார். "இந்தத் தடவ பூதக்கண்ணாடி வச்சாலும் தெரியாது போல."

யாரோ சிரித்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். தம்பியின் முகம் தேங்காய் ஓடாகிவிட்டது. "அண்ணே" என்றார்.

நான் ஓடினேன். உதவி தேடி ஓடினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஊரைவிட்டுத்தான் ஓடினேன். குட்டியானையில் ஏறிப் பார்த்தால் சாவி இல்லை. டிரைவர் கிடா விருந்தின் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். எலும்பு கடித்துக்கொண்டிருக்கிறவரை எழுப்புவது பாவம். வண்டியில் என்னோடு இருந்தது சுருட்டிக் கிடந்த ஊதா மட்டும்தான். யாரும் கூப்பிடாமல் வந்து ஓரமாகக் கிடந்தது. செத்த நேரம் இருவரும் பார்த்துக்கொண்டோம். பிறகு அதைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்குத் திரும்பினேன், வேறு போக்கிடம் இல்லாததால்.

பழைய பேனருக்கு மேல் ஊதாவைக் கட்டினோம். அதே பையன், அதே 'காதணி விழா', பின்னால் ஊதா. பெண்கள் மறுபடி வந்து நின்றார்கள்.

நான் கேமராவைப் பார்க்கத் தேவைப்படவில்லை. நேரிலேயே தெரிந்தது. சேலை ஒவ்வொன்றும் விளக்கு ஏற்றினது மாதிரி முன்னால் வந்து நின்றது. முந்தானை தெரிந்தது, கொசுவம் தெரிந்தது, சின்னாளபட்டிக்காரர் போட்ட கரைகூடத் தெரிந்தது. "இப்பத்தேண்ணே ஆளுக தெரியுறாக" என்று போட்டோகிராபர் விடாமல் எடுத்துத் தள்ளினார்.

மாமியார் கேமராவை மறுபடி வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தன் சேலையைக் குனிந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"எடுப்பாத்தேன் இருக்கு" என்றார். "மாமன்காரன் பரவால்ல."

தம்பி பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படி ஒரு நிமிர்வாக அவர் தன் கல்யாணத்தில்கூட உட்காரவில்லை. அக்கா முந்தானையைச் சரி செய்துகொண்டு, மாமியாருக்குப் பக்கத்தில், அவருக்குச் சமமாக வந்து நின்றார். ஆசாரி காதைத் தடவினார். பையன் ஊரைக் கூட்டி அழுதான்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் மாமியார் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஓடுவதற்கு வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

"ஏப்பா, சேலைக்குப் பின்னாடி கெடக்கே ஊதா, இப்பிடி ஒரு ஊதாவ நான் பாத்ததே இல்ல. எம்பேத்தி கல்யாணத்துக்கு இதேதேன் வேணும். எங்கேருந்து புடிச்ச?"

"ரெண்டு நாளா தூங்கல தாயி" என்றேன்.

இந்தத் தடவை கொசு இல்லை.